ஏழாவது கூம்பு

"சார், இதுக்கும் அதுக்கும் கல்யாணம் நடக்காது," என்றார் வெல்டர்.

அவருடைய இடது கையில் ஆறாவது கூம்பு இருந்தது, வலது கையில் ஏழாவது. இரண்டின் வாயையும் சேர்த்துப் பிடித்து, டிராயிங்காரரின் மூக்குக்கு நேரே நீட்டினார். ஆறாவதின் வாய் பெரிது, ஏழாவதின் வாய் சிறிது. சுற்றிலும் அரை விரல் அகலத்துக்கு ஆறாவது வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

"கொஞ்சம் அழுத்திப் பிடிச்சுப் பாருங்க."

"இது தகடு சார். தலையணை இல்லை."

பட்டறையில் வெல்டருக்குத் தீப்பெட்டி என்று பெயர். தொழிலை வைத்து வந்த பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். இரண்டு நிமிடம் பேசிப் பார்த்தால் எதை வைத்து வந்தது என்று தெரிந்துவிடும்.

டிராயிங்காரர் இரண்டு கூம்பையும் வாங்கித் திருப்பிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். கண்ணாடி பளிச்சென்று ஆனது. கூம்பு அப்படியேதான் இருந்தது.

ரேஸுக்குப் போகிற மோட்டார் சைக்கிளின் சைலன்சர் கடையில் வாங்கும் குழாய் மாதிரி இருக்காது. எஞ்சின் பக்கம் ஒல்லியாகத் தொடங்கி, நடுவில் வயிறு பெருத்து, வால் பக்கம் மறுபடியும் ஒல்லியாகும். போகிற வழியில் வளைந்து நெளிந்தும் போக வேண்டும். அதனால் அதைப் பதினோரு கூம்புகளாகச் செய்து, ஒன்றன் பின் ஒன்றாகப் பற்றவைப்பார்கள். வயிறு கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ வேகம் எடுக்கும்போது வண்டிக்கு மூச்சு வாங்கும். இதுவரை தீப்பெட்டிதான் அட்டையை வெட்டிப் பார்த்து, கண்ணால் அளந்து, வாயால் திட்டி, மூன்று வாரத்துக்கு ஒன்று என்று செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். ஒன்றைப் போல் இன்னொன்று இருந்ததில்லை.

டிராயிங்காரர் கொண்டுவந்தது சாஃப்ட்வேர். எஞ்சின் வாயின் அளவு, மொத்த நீளம், எங்கே எவ்வளவு வளைய வேண்டும் என்பதையெல்லாம் அதனிடம் சொன்னால் போதும். ஒவ்வொரு கூம்பையும் பிரித்துத் தரையில் விரித்தால் எப்படி இருக்குமோ அப்படியே படம் போட்டுக் கொடுத்துவிடும். பார்ப்பதற்கு விசிறி மாதிரி இருக்கும். அதைக் காகிதத்தில் பிரிண்ட் எடுத்து, தகட்டில் ஒட்டி, கோட்டின் மேல் வெட்டி, சுருட்டி, ஓரத்தைப் பற்றவைத்தால் கூம்பு தயார். மூன்று நாளில் சைலன்சர் தயார். அப்படித்தான் அவர் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை சொன்னது. இன்றைக்குப் புதன்கிழமை.

பட்டறை மச்சினனுடையது, அதாவது டிராயிங்காரர் மனைவியின் தம்பி. டிராயிங்காரர் பத்தொன்பது வருடம் தண்ணீர்த் தொட்டி செய்யும் கம்பெனியில் படம் வரைந்துகொண்டிருந்தவர். கம்பெனிக்காரன் ஒரு நாள் பெரிய பூட்டாகப் பார்த்து வாங்கிப் பூட்டிவிட்டுப் போய்விட்டான். அதன் பிறகு எட்டு மாதம் வீட்டில் இருந்தார். முதல் மாதம் எல்லாரும் "பாவம்" என்றார்கள். மூன்றாவது மாதம் "ஏதாவது பாக்கறீங்களா?" என்றார்கள். எட்டாவது மாதம் யாரும் எதுவும் கேட்கவில்லை, அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது. பகலில் வாசல் மணி அடித்தால் போய்த் திறக்கவே கூசினார்.

பிறகு மனைவி போய்த் தம்பியிடம் பேசினாள். மச்சினன் ஒரு பழைய கம்ப்யூட்டரையும் ஒரு ஸ்டூலையும் கொடுத்து, கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினான்.

"இந்த ஒரு சைலன்சர் சரியா வரட்டும் மாமா. ஞாயித்துக்கிழமை ரேஸ்ல ஓடட்டும். அப்புறம் உங்க விஷயத்துல ஒரு முடிவு பண்ணிடலாம்," என்றான்.

டிராயிங்காரர் இதை வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே சுருக்கி, "நிரந்தரம்னு சொல்லிட்டான்" என்று மனைவியிடம் கொடுத்தார்.

சைலன்சர் கேட்டிருந்த ரேஸ்காரன் அதற்கு மேல் ஆசை காட்டிவிட்டுப் போயிருந்தான். "எங்க கிளப்புல முப்பது பேரு சார். எல்லாரும் இதே வண்டிதான். இது மட்டும் நல்லா ஓடட்டும், முப்பது பேரையும் கூட்டிட்டு வந்து நிறுத்தறேன்."

அன்றைக்கு ஸ்டூலில் உட்கார்ந்தபடியே டிராயிங்காரர் கணக்குப் போட்டார். முப்பது சைலன்சர். ஒன்றுக்குப் பதினொன்று என்றால் முன்னூற்று முப்பது படம். இரண்டு வருடத்துக்கு உட்கார்ந்து வரையலாம். ஸ்டூலுக்குப் பதிலாக முதுகு வைத்த நாற்காலி கேட்கலாம்.

இப்போது ஏழாவது கூம்பு அந்த நாற்காலியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

"ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் சரியா இருக்கு, பதினொண்ணும் சரி. ஏழுல இருந்து பத்து வரைக்கும் எல்லாமே குட்டை. வயித்துப் பக்கம் வர்றது அத்தனையும் குட்டை," என்றார் தீப்பெட்டி. "உங்க கம்ப்யூட்டர் பட்டினி கிடக்குது போல."

டிராயிங்காரர் படங்களைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தெருமுனைப் பிரிண்ட் கடைக்கு நடந்தார்.

கடையைப் பார்த்துக்கொள்கிற பெண் நல்ல பெண். ஒரே ஒரு குணம் உண்டு. எதை அடிக்கக் கொடுத்தாலும் முழுக்கப் படித்துவிடுவாள், யார் எதைச் சொன்னாலும் அப்படியே மனப்பாடமாக வைத்திருந்து கேட்கிறவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் ஒப்பிப்பாள். அந்தத் தெருவில் யார் கடன் கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள், யார் மகன் பரீட்சையில் கோட்டை விட்டான் என்பதெல்லாம் அவளிடம் கேட்டால் போதும்.

"ஏழுல இருந்து பத்து வரைக்கும் சின்னதா அடிச்சிருக்கீங்க," என்றார் டிராயிங்காரர்.

"சின்னதா அடிக்கலை சார். தாளுக்குள்ள அடங்கலை. அதனால அடக்கினேன்."

"யாரைக் கேட்டு அடக்கினீங்க?"

"போன மாசம் ஒருத்தர் கல்யாணப் பத்திரிகை அடிச்சாரு சார். ஓரத்துல மாப்பிள்ளையோட அப்பா பேரு பாதி வெட்டுப்பட்டுப் போச்சு. கடைக்கு வந்து ஒரே சத்தம். அதுல இருந்து எது வந்தாலும் அடக்கிடறது."

சின்னக் கூம்புகள் தாளுக்குள் அடங்கியதால் தப்பித்திருக்கின்றன. பெரிய கூம்புகளை மாப்பிள்ளையின் அப்பா சுருக்கிவிட்டார். டிராயிங்காரருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"எனக்கு நிஜ அளவுலதான் வேணும்."

"அப்ப ஒரு படம் நாலு தாளா வரும். நீங்கதான் ஒட்டிக்கணும்."

"ஒட்டறது ஒரு வேலையா? கொடுங்க."

பதினாறு தாளையும் பட்டறைத் தரையில் பரப்பி, முழங்காலில் நின்று, செல்லோடேப்பைப் பல்லால் கடித்துக் கடித்து ஓரத்தோடு ஓரம் வைத்து ஒட்டினார். ஒரு மயிரிழை விலகவில்லை. தீப்பெட்டி படத்தைத் தகட்டில் ஒட்டி வெட்டினார், சுருட்டினார், ஓரத்தைப் பற்றவைத்தார். பிறகு ஆறாவதையும் ஏழாவதையும் மறுபடியும் சேர்த்துப் பிடித்தார்.

"போன தடவை மாப்பிள்ளை குட்டை. இந்தத் தடவை கூரையில இடிக்கிறான்."

இப்போது ஏழாவதின் வாய் பெரிதாக இருந்தது. எட்டும் ஒன்பதும் பத்தும் அதைவிடப் பெரிது. டிராயிங்காரர் மிச்சக் காகிதத்தை எடுத்துக் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு தாளைச் சுற்றியும் பிரிண்டர் ஒரு வெள்ளை ஓரம் விட்டிருந்தது. அதை வெட்டிவிட்டு ஒட்ட வேண்டும். அவர் வெட்டவில்லை. கோட்டைப் பார்க்காமல் தாளைப் பார்த்து ஒட்டியிருந்தார். பத்தொன்பது வருட அனுபவம்.

அந்த நேரம் பார்த்துத்தான் மச்சினன் உள்ளே வந்தான்.

மச்சினன் யாரிடமும் குரலை உயர்த்துகிறவன் இல்லை. அக்காள் புருஷனிடம் நிச்சயமாக உயர்த்த மாட்டான். அவனுக்குக் கோபம் வருவதை "மாமா"வை எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பேச்சில் ஒரு மாமா வந்தால் மரியாதை. இரண்டு வந்தால் எரிச்சல்.

"வாங்க மாமா, எழுந்திரிங்க மாமா, முழங்கால் வலிக்கப் போகுது மாமா," என்றான். "இந்த மெல்லிசுத் தகடு இனிமே ஒரே ஒரு ஷீட்தான் இருக்கு மாமா. புதுசா வரவழைக்கப் பத்து நாள் ஆகும் மாமா. ரேஸ் ஞாயித்துக்கிழமை மாமா."

ஆறு மாமா. டிராயிங்காரருக்குக் காது சுட்டது.

"நாளைக்குச் சரி பண்ணிடறேன் தம்பி."

"நீங்க சொன்னா சரிதான் மாமா."

ஏழு.

வியாழக்கிழமை காலை டிராயிங்காரர் முதல் ஆளாக வந்து கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தார். இனிமேல் முழங்காலில் நின்று வெள்ளை ஓரம் வெட்டுகிற வேலையே வேண்டாம் என்று முடிவு கட்டியிருந்தார். அதைத் தீப்பெட்டி பார்த்துச் சிரிப்பார், மச்சினன் பார்த்து மாமா மாமா என்பான். ஓரத்தால் எவ்வளவு கூடியதோ அவ்வளவை அளவிலேயே குறைத்துவிட்டால் தாளை வெட்டாமல் ஒட்டினாலும் சரியாக வந்துவிடும். யோசித்துப் பார்த்தால் இது தப்பை மறைக்கிற வழி. அவர் அதைத் தொழில்நுட்பம் என்று நினைத்துக்கொண்டார். குறைத்த படத்துக்கு "சரியானது" என்று பெயர் வைத்துக் கடைக்கு அனுப்பினார். பிறகு ஒரு எண்ணை மாற்றி "மிகச் சரியானது" என்று இன்னொன்றை அனுப்பினார்.

மாலையில் போனபோது பிரிண்ட் கடைப் பெண் முகமெல்லாம் பல்லாக இருந்தாள். படங்கள் ஏற்கெனவே அழகாக ஒட்டப்பட்டு, சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டுத் தயாராக இருந்தன.

"நேத்து ஓரத்தை வெட்டாமலே ஒட்டிட்டீங்களாமே சார். வெல்டர் அண்ணன் டீக்கடையில சொன்னாரு, எல்லாரும் ஒரே சிரிப்பு. அதனால இந்தத் தடவை நானே கரெக்டா வெட்டி ஒட்டிட்டேன்."

டீக்கடையில் எல்லாரும் சிரித்தார்கள் என்ற இடத்திலேயே டிராயிங்காரரின் காது நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவள் சொன்னது ஏறவில்லை. "ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டுச் சுருட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

நல்ல வேளையாக ஒரு புத்தி வந்தது. கடைசி ஷீட்டில் கை வைப்பதற்கு முன்னால் அட்டையில் ஒரு தடவை செய்து பார்த்துவிடலாம். மனைவி ஃபிரிட்ஜ் வாங்கியபோது வந்த பெரிய அட்டைப்பெட்டியைப் பரண்மேல் பத்திரமாக வைத்திருந்தாள். வீடு மாறினால் உதவும் என்று எட்டு வருடமாக வைத்திருந்த பெட்டி. அதை இறக்கி, சாப்பாட்டு மேஜையில் வைத்து, நான்கு விசிறிகளாக வெட்டினார். ஏழாவதைச் சுருட்டி ஒட்டி, பட்டறையிலிருந்து கொண்டுவந்த ஆறாவது கூம்பின் மேல் வைத்தார்.

ஏழாவது குட்டை.

படத்திலும் குறைத்தாயிற்று, அவளும் ஓரத்தை வெட்டியாயிற்று. ஒரே தப்புக்கு இரண்டு பேர் தனித்தனியாக வைத்தியம் பார்த்திருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரம்மா தன் நாயோடு எதற்கோ வந்து நின்றாள். நாய்க்குக் காதில் புண், தையல் போட்டிருந்தார்கள். அது காலால் சொறிந்து சொறிந்து தையலைப் பிய்த்துக்கொண்டிருந்தது. மேஜையைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரம்மா, "இது நாய்க்குக் கழுத்துல மாட்டறதுதானே? டாக்டர்கூட இப்படி ஒண்ணு வாங்கச் சொன்னாரு," என்று ஏழாவது கூம்பை எடுத்து நாயின் தலையில் மாட்டினாள். கச்சிதமாகப் பொருந்தியது. அந்த ஒரு வாரத்தில் டிராயிங்காரர் போட்ட படங்களில் முதல் தடவையிலேயே சரியாகப் பொருந்தியது அது ஒன்றுதான். நாய்கூட நன்றியோடு பார்த்தது.

அவள் போனதும் மனைவி கதவைச் சாத்திவிட்டு வந்து மேஜையைப் பார்த்தாள்.

"என்னோட பெட்டி."

"பரண்மேல சும்மாத்தானே..."

"எட்டு மாசமா நீங்களும்தான் சும்மா இருந்தீங்க. நான் வெட்டினேனா?"

சொன்ன பிறகு அவளுக்கே சுருக்கென்றிருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அட்டைத் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

"என் தம்பிகிட்ட நான் எப்படிக் கேட்டேன்னு உங்களுக்குத் தெரியுமா? போன்ல கேட்டா ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழிப்பான்னு நேர்ல போனேன். அவன் பொண்டாட்டி முன்னாடி கேட்டேன். அவ காபி கொடுத்துட்டு, 'அண்ணனுக்கு வேற எங்கயும் கிடைக்கலையா அண்ணி?'ன்னு கேட்டா. அந்தக் காபியைக் குடிச்சு முடிக்கிற வரைக்கும் அங்கேயே உக்காந்திருந்தேன்."

"சொல்லவே இல்லையே."

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? ஒரு படம் போட்டிருப்பீங்களா?"

டிராயிங்காரருக்கு அவமானமாக இருந்தது. தனக்காக வந்த அவமானத்தைவிட, அவள் ஒரு கப் காபியோடு விழுங்கியது அதிகமாக வலித்தது. கத்தரியைக் கீழே வைத்தார். பிறகு மறுபடியும் எடுத்தார்.

"இந்தத் தடவை சரியா வரும்," என்றார்.

"வரணும்," என்றாள் அவள். எழுந்துபோய் டீ வைத்துக் கொண்டுவந்தாள். அட்டையில் கோடு போட அவளே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அளவுகளைப் பழையபடி திருத்தி, கடையிலேயே நின்று, ஓரம் வெட்டுவதையும் ஒட்டுவதையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து வாங்கிவந்தார். இந்தப் படத்தின் பெயர் "இதுதான் சரியானது". கடைசி ஷீட்டைத் தீப்பெட்டி மேஜையில் விரித்தார். படத்தை ஒட்டி வெட்டினார்.

சுருட்டப் போகும்போது டிராயிங்காரர் குறுக்கே கையை நீட்டினார்.

"காகிதம் உள்பக்கமா வர்ற மாதிரி சுருட்டுங்க."

"எப்பவும் கோடு வெளியிலதான் சார் இருக்கும்."

"உருளையில பட்டுக் காகிதம் கிழிஞ்சா அளவெல்லாம் போயிடும். உள்ளே இருந்தா பத்திரம்."

தீப்பெட்டி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வழக்கமாக அந்தப் பார்வைக்குப் பிறகு ஏதாவது வந்து விழும். அன்றைக்கு விழவில்லை.

"நீங்கதானே டிசைன்," என்று சொல்லிவிட்டு உள்பக்கமாகச் சுருட்டினார். முன்பு செய்திருந்த ஏழு சின்னக் கூம்புகளில் சூடுபட்டுக் கறுத்திருந்த நான்கையும் புதிதாக வெட்டி அதே மாதிரி சுருட்டினார். மிச்சம் மூன்று வளைவு இல்லாத நேர்க்கூம்புகள்.

ஆறாவதும் ஏழாவதும் வாயோடு வாய் பொருந்தின. இடையில் ஒரு காகிதம்கூட நுழையவில்லை.

"கல்யாணம் முடிஞ்சுது சார்," என்றார் தீப்பெட்டி. அன்று மாலைக்குள் பதினொன்றையும் பற்றவைத்துவிட்டார். சைலன்சர் பளபளவென்று, பார்க்கவே வாட்டசாட்டமாக இருந்தது. டிராயிங்காரர் அதைப் போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பினார்.

சனிக்கிழமை காலை ரேஸ்காரன் வண்டியோடு வந்தான். மச்சினனும் வந்து நின்றான். தீப்பெட்டி சைலன்சரை எஞ்சினில் மாட்டினார். மாட்டியவர் எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ரேஸ்காரன் வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்தான்.

"இது எங்க போகுது?"

உள்பக்கம் ஒதுங்கி வண்டியின் வயிற்றுக்கு அடியில் புக வேண்டிய சைலன்சர், வெளிப்பக்கமாக வளைந்து, அவனுடைய முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது.

"வளைவு தலைகீழா வந்திருக்கு," என்றார் தீப்பெட்டி. கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. வலது வர வேண்டியது இடது. காகிதத்தை உள்ளே வைத்துச் சுருட்டினால் அப்படித்தான் வரும். ஒற்றைக் கூம்பில் தெரியாது. பதினொன்றைச் சேர்த்தால்தான் தெரியும்.

"எனக்கு ஒரு கால் இங்க இருக்கு சார்," என்றான் ரேஸ்காரன் மிகவும் பணிவாக. "நாளைக்கு ரேஸ் முடியற வரைக்கும் கழட்டி உங்ககிட்ட கொடுத்து வைக்கட்டுமா?"

எல்லாரும் மச்சினனைப் பார்த்தார்கள்.

"மாமா," என்றான் மச்சினன். பிறகு, "மாமா." கொஞ்சம் இடைவெளி விட்டு மூன்றாவது முறையும், "மாமா." வெளியே போய் நின்றுகொண்டான்.

டிராயிங்காரருக்கு வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்ன சொல்வது என்று ஒரு பக்கம் ஓடியது. போட்டோ வேறு அனுப்பியாயிற்று. பாக்கெட்டில் கையை விட்டபோது ஒரு பழைய பில் அகப்பட்டது. அதைக் கூம்பு மாதிரி சுருட்டினார். பிரித்தார். எதிர்ப்பக்கமாகச் சுருட்டினார். மறுபடியும் பிரித்தார்.

"அண்ணே," என்றார். தீப்பெட்டியை அவர் அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அளவு சரி, வெட்டு சரி. சுருட்டினதுதான் தப்பு. ஓரத்தை அறுத்து, பிரிச்சு, தட்டி நேராக்கி, மறுபக்கம் சுருட்டினா வளைவு திரும்பிடும்."

"வளையற எட்டையும்?"

"எட்டையும். தகடு மெல்லிசு, தாங்கும். நான் பிடிச்சுக்கறேன்."

"அறுக்கும்போது பொறி பறக்கும் சார்."

"பறக்கட்டும்."

அன்றைக்கு முழுக்க டிராயிங்காரர் ஸ்டூலில் உட்காரவில்லை. கையுறை போட்டுத் தகட்டைப் பிடித்தார், மரச்சுத்தியலால் தட்டி நேராக்கினார், உருளைக்குள் ஊட்டினார். சட்டையில் ஏழெட்டு ஓட்டை விழுந்தது. மூன்று விரலில் கொப்புளம். மதியம் தீப்பெட்டி யாரும் சொல்லாமலே டீ வாங்கி வந்து அவர் வாயருகே பிடித்துக் குடிக்க வைத்தார். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே சைலன்சர் முடிந்துவிட்டது. வண்டியில் மாட்டினார்கள். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி வயிற்றுக்கு அடியில் போய் உட்கார்ந்தது. ரேஸ்காரன் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, வண்டியை நிறுத்தாமலே கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் முதலாவதாக வந்தான். இரண்டாவதாக வந்தவன் கண்ணுக்கே தெரியவில்லையாம். சாயங்காலம் சொன்ன சொல் தவறாமல் கிளப் ஆட்களைப் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். முப்பது வண்டி, தெருவே அதிர்ந்தது. முப்பது பேரும் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மச்சினன் டிராயிங்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"மாமா, சாதிச்சுட்டீங்க," என்றான். ஒரே ஒரு மாமா. டிராயிங்காரர் எண்ணிக்கொண்டுதான் இருந்தார்.

பிறகு மச்சினன் கம்ப்யூட்டர் பக்கம் வந்தான். இத்தனை நாளில் அவன் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. "இதுல எது மாமா கடைசியா சரியா வந்த படம்?" என்று கேட்டான். டிராயிங்காரருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "சரியானது", "மிகச் சரியானது" எல்லாவற்றையும் தாண்டி "இதுதான் சரியானது" என்பதைத் திறந்து, கூம்பு கூம்பாகக் காட்டி விளக்கினார். எந்தப் பக்கம் சுருட்ட வேண்டும் என்பதையும் படத்திலேயே பெரிய எழுத்தில் எழுதி வைத்தார். அவன் கேட்காமலே பென் டிரைவில் போட்டும் கொடுத்தார்.

"நாளைக்கு மெதுவா வாங்க மாமா. ஒரு அவசரமும் இல்லை."

அன்றைக்கு வீட்டில் டிராயிங்காரரின் கொப்புளத்துக்கு மனைவி மருந்து போட்டாள். போட்டுக்கொண்டே, "என் தம்பி பொண்டாட்டிக்குப் போன் பண்ணினேன்," என்றாள்.

"எதுக்கு?"

"சும்மாதான். ரேஸ்ல முதலா வந்ததைச் சொன்னேன். 'உங்க அண்ணன் போட்ட படம்தான்'னு சொன்னேன்." சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்து எட்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை காலை மச்சினனிடமிருந்து போன் வந்தது. "மாமா, வர்ற வழியில பிரிண்ட் கடையில ஒரு பார்சல் இருக்கு. வாங்கிட்டு வந்துடுங்க."

"என்ன பார்சலாம்?" என்று மனைவி கேட்டாள்.

"சொல்லலை."

"கார்டா இருக்கும். முப்பது வண்டி வரப்போகுது, உங்க பேரைப் போட்டு கார்டு அடிச்சிருப்பான். சொல்லாமச் செய்யணும்னு நினைச்சிருப்பான்." அவள் ஓட்டை விழாத சட்டை ஒன்றைத் தேடி எடுத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். காலரைக்கூட அவளே சரிசெய்தாள்.

டிராயிங்காரர் தெருவில் நடந்துபோகும்போது கார்டில் தன் பெயருக்குக் கீழே என்ன போட்டிருப்பான் என்று யோசித்தார். 'டிசைனர்' என்று போட்டிருக்கலாம். 'தலைமை டிசைனர்' என்றால் தீப்பெட்டி சிரிப்பார், சிரிக்கட்டும். எதிரே வந்த பக்கத்து வீட்டுக்காரம்மா வணக்கம் சொன்னாள். நாய் கூம்பை ஆட்டியது. பகல் பத்து மணிக்குத் தெருவில் தலைநிமிர்ந்து நடப்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

கடைப் பெண் அவரைப் பார்த்ததுமே மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பார்சலைத் தூக்கிவைத்தாள். கார்டு இருக்கிற பெட்டியைவிட ரொம்பப் பெரிதாக இருந்தது. நிறைய அடித்திருக்கிறான் போலிருக்கிறது.

"கார்டு நல்லா வந்திருக்கா?" என்று கூச்சத்தோடு கேட்டார்.

"கார்டா? அதெல்லாம் இல்லை சார், உங்க படம்தான், முப்பது செட். முப்பதும் ஒரே வண்டிதானே, இந்த ஒரு படம் போதும், இனிமே புதுசா போட வேண்டியதில்லை, மாமா வீட்டிலேயே நிம்மதியா இருக்கட்டும்னு உங்க மச்சினர் சொன்னாரு. இந்தாங்க, இங்க ஒரு கையெழுத்துப் போட்டு எடுத்துக்கிட்டுப் போங்க."